போர்வை போர்த்திய நீதிபதி

ஜூலை, செவ்வாய்: ஒரகடத்துத் தொழிற்சாலையில் என் மகன் சூப்பர்வைசரைக் கம்பியால் அடித்தான். அவருக்குக் கை முறிந்தது, இவன் கைதானான்.
செப்டம்பர், வெள்ளி: விசாரணையைப் புரிந்துகொள்ளும் மனநிலை இவனுக்கு இல்லை எனக் கண்ட நீதிமன்றம், மனநல மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சையளிக்க உத்தரவிட்டது.

அங்கே அவனைச் சேர்த்த வார்டின் உதவியாளர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். கனத்த உடம்பு, காதோரம் நரை. மாலைதோறும் ஆஸ்பத்திரிப் போர்வையை அங்கியாகப் போர்த்திக்கொண்டு நீதிபதியாக அமர்வார். நோயாளிகளுக்கு நீதிமன்றத்தைப் பழக்கும் வழி அது.

“இன்னாத்துக்குப்பா சூப்பர்வைசரை அடிச்ச?”

“மெஷின் சொல்லிச்சு” என்பதே என் மகனின் வழக்கமான பதில். நான் பார்க்கச் சென்ற ஒருநாள் அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, “வக்கீல் வரட்டும் ஐயா. அதுவரைக்கும் வாய் திறக்க மாட்டேன்” என்றான்.

போர்வையை உதறிவிட்டு எழுந்தார் அவர். “கேட்டீங்களா சார்? ஜட்ஜுக்கே தண்ணி காட்றான்! தேறிக்கினான்.”

“தேறிட்டா தண்டனையும் வரலாமே” என்றேன்.

“வரட்டும் சார். அவனுக்குப் புரிஞ்சு வரட்டும்.”

குற்றவாளிக் கூண்டில் நிற்கத் தகுதிபெற்ற மகனை எண்ணி ஒரு தந்தை பெருமைப்படலாமா, தெரியவில்லை. நான் பெருமைப்பட்டேன்.

இன்னும் செய்யாதவை:
வக்கீலைப் பார்ப்பது.
அந்த மனிதரின் பெயரைக் கேட்பது.
மகன் வார்டில் சேர்ந்த பிறகு அவனுடைய அம்மா இறந்துவிட்டாள் என்பதை அவனிடம் சொல்வது.