சோபாக்காரரின் புது ஆல்பம்

வாயில் ஆறேழு ஆணிகளை அடக்கிக்கொண்டுதான் பேசுவார். ஒன்றை நாக்கால் உதட்டுக்குத் தள்ளுவார், எடுப்பார், சட்டத்தில் வைப்பார், இரண்டே தட்டு. சோபாவுக்கு உறை மாற்றுவது அவர் தொழில். என் பழைய சோபாவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் நல்லாதான் இருக்கு. உக்கார்றவர்தான் கொஞ்சம் எடை கூடிட்டாரு" என்றார்.

உறையைப் பிரிக்கும்போது இடுக்கில் அகப்படுவதை எல்லாம், ஒற்றைக் கம்மலோ பேனா மூடியோ, தனித்தனிக் கவரில் போட்டு உரியவர் பெயரை எழுதி வைப்பார். என் சோபாவிலிருந்து ஒரு சீட்டுக்கட்டு ராணி வந்தாள்.

அவர் இளமையில் ஒரு ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் என்பது கடைக்கு வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. மொத்தம் நாலு பேர். பாடுவது ஒரு பெண். அதிரடியைவிட மெட்டுக்குப் பேர்போன குழு. தாளம் தப்பாததால் இவருக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். மூன்று ஆல்பம் போட்டார்கள். பிறகு பாடகி திருமணமாகி வேறு நாடு போனார், கிட்டார்காரர் விளம்பர இசைக்குப் போனார், கீபோர்டுகாரர் பள்ளிக்கூட வாத்தியாரானார். இருபத்தேழு வருடம் ஓடிவிட்டது.

"சண்டை ஒண்ணும் இல்லைங்க. சண்டை போட்டிருந்தா சமாதானமாவது ஆகியிருப்போம்" என்றார்.

போன வருடம் கிட்டார்காரர் போன் செய்து, மறுபடி சேர்ந்து ஒரு ஆல்பம் போடலாமா என்று கேட்டிருக்கிறார். கேள்வி முடியும் முன்பே இவர் சரி சொல்லிவிட்டார். கடையின் பின்னறையில் மலையாய்க் கிடந்த ஸ்பாஞ்சை அப்புறப்படுத்தி, டிரம்ஸுக்குப் புதுத் தோல் மாற்றி, மற்ற மூவரும் உட்கார மூன்று ஸ்டூல்களுக்கு நல்ல நீலத் துணியில் மெத்தை தைத்தார். அதற்கப்புறம்தான் விவரம் தெரிந்தது. இப்போதெல்லாம் யாரும் ஒரே அறையில் கூடுவதில்லை. அவரவர் ஊரில் பதிவு செய்து அனுப்பினால் போதும், கம்ப்யூட்டரில் ஒன்றாக ஒட்டிவிடுவார்கள்.

அப்படியே ஒட்டினார்கள். இவர் உள்ளூர்ப் பதிவறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாக வாசித்தார். ஒரு பாட்டின் தொடக்கத்தில் பாடகி, அங்கே பக்கத்தில் இருந்த யாரையோ, "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டது பதிவாகியிருந்தது. இவர் இங்கிருந்து "ம்" என்றாராம். ஆல்பத்தில் அந்தக் கேள்வியை வெட்டிவிட்டார்கள்.

ஒரே ஒரு முறை பாடகியிடம் போனில் கேட்டுப் பார்த்திருக்கிறார், நாலு பேரும் ஒருநாள் நேரில் வாசிக்கலாமா என்று. அப்போதுதான் பாடகி உண்மையைச் சொன்னாராம். ஒரு பாட்டை முழுசாகப் பாட மூச்சு போதவில்லை, வரி வரியாகப் பாடித்தான் சேர்த்தது.

"நேர்ல வந்தா நீங்க எல்லாரும் என் பழைய குரலைத் தேடுவீங்க."

"அதுக்கென்ன, நான் சத்தமா வாசிக்கிறேன்" என்றிருக்கிறார் இவர்.

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டதாம். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஆல்பம் வெளியானது. பிரியவே பிரியாத நால்வரைப் போல வாசித்திருக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகை பாராட்டியிருந்தது. அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டி, "எழுதினவரு நல்ல மனுஷன்தான். நாங்க இன்னும் சேரவே இல்லைன்னு அவருக்கு யாரும் சொல்லல போல" என்றார். மூன்று ஸ்டூல்களில் ஒன்றில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

சோபாவை எடுக்கப் போன அன்று மத்தியானம் கடையில் அந்த ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து கைப்பிடிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டு வந்ததும் அவர் மனைவி என் பக்கம் சாய்ந்து, "இது அவங்க பழைய பாட்டு. அப்பல்லாம் மேடையில இது முடியிற இடத்துல அந்தம்மா திரும்பி இவரைப் பாக்கும். இவரு தலையாட்டினாதான் நிறுத்தும்" என்று மெல்லச் சொன்னார்.

குரல் உயர்ந்து ஒரே சுரத்தில் நின்றது. அவர் ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார். துணிச்சுருள்களுக்கும் வாசலுக்கும் நடுவே யாருமில்லாத இடத்தை, ஓர் ஆள் உயரத்தில், சற்று நேரம் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.