அலறல் இருந்த இடத்தில்

போன வருடம் கோயிலில் ஐப்பசி ஆறாட்டு உற்சவம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. திருவனந்தபுரத்தில் நகரத்தின் நடுவே உள்ள ஒரு திறந்தவெளி அரங்கில், பட்டுப்புடவையும் காதில் பஞ்சுமாக மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஏறப்போவது ஒரு ராக் பேண்ட். அதில் பாடுகிறவள் என் மருமகள்.

சிரிக்காதீர்கள். இதே ஊரில், ஸ்ரீவராகம் பகுதியில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அவள் கல்யாணமாகி வந்த புதிதில்தான் அவர்களுடைய முதல் ஆல்பம் வெளிவந்தது. கிட்டார் இரைச்சலும் டிரம்ஸ் இடியுமாக இருக்கும். அதில் ஒரு பாட்டின் முடிவில் ஓர் அலறல் அலறுவாள் பாருங்கள், அப்பப்பா! அவள் வீட்டில் அதைப் பயிற்சி செய்தால் தெருவில் ஒரு பூனை நிற்காது. முதல் தடவை பக்கத்து வீட்டு மாமி பதறிக்கொண்டு ஓடிவந்து, "உங்காத்துல யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகலை. என் நாட்டுப்பொண் பாடறாளாக்கும்" என்றேன்.

என் மகனுக்குத்தான் வெட்கம். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வேலை பார்த்த காலமெல்லாம் அரசாங்க ஆபீஸில் வாயை மூடிக்கொண்டு ஃபைல் தள்ளியவள் நான். ஒருத்தி இப்படி வாயைத் திறந்து கத்துவதைக் கேட்க எனக்குப் பரம திருப்தியாக இருந்தது.

இரண்டாவது ஆல்பத்தில் கீபோர்டு சேர்ந்தது. கொஞ்சம் தமிழ், கொஞ்சம் மலையாளம் எல்லாம் பாட்டுக்குள் வந்தன. இரைச்சல் குறைந்து ராகம் கூடியது. பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் எந்த நிகழ்ச்சியிலும் கடைசியில் அந்த அலறல் பாட்டைப் பாடிவிட்டால் போதும், எல்லோரும் குளிர்ந்துபோவார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு. எடுத்தே ஆகவேண்டும், குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். மாறித்தான் போனது. மாதக்கணக்கில் மூச்சுக்காற்று மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. பிறகு குரல் திரும்பியது. ஆனால் மேலே ஏறவில்லை. நானும் சின்ன வயதில் பாட்டு கற்றவள்தான். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் அநாயாசமாகப் பாடியவள் மூன்றிலேயே தடுக்கி நிற்பதைக் கேட்டபோது, சமையலறைக்குள் போய் அழுதேன்.

ஒரு நாள் சாயங்காலம் பேண்ட் பையன்களை வீட்டுக்கு வரச் சொன்னாள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் காப்பி கொண்டுபோனேன்.

"வேற ஆளைப் பாக்கலாம். எனக்கு விஷமம் ஒண்ணும் இல்லை, கேட்டோ" என்றாள். இந்த ஊரில் விஷமம் என்றால் வருத்தம். குரல் கரகரவென்று இருந்தது.

கிட்டார் வாசிக்கிற மலையாளிப் பையன் பெட்டியைத் திறந்தான். ஒவ்வொரு தந்தியாக முறுக்கைத் தளர்த்தினான். டொய்ங், டொய்ங் என்று சுருதி இறங்கிக்கொண்டே போனது. இவன் என்ன செய்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"சேச்சியோட சத்தம் கீழ போச்சுன்னா நாங்களும் கீழ இறங்கும். அத்ரயே உள்ளூ, மாமி" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். அவ்வளவுதானாம்! பிறகு அவளிடம், "பாடு" என்றான்.

பாடினாள். அந்தக் கூடத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை.

மூன்றாவது ஆல்பம் அப்படிப் பிறந்ததுதான். தடித்த தந்திகள், நிதானமான டிரம்ஸ், அடியிலிருந்து வருகிற குரல். வெளியானதும் இணையத்தில் ஒரே புலம்பல்: பழைய நெருப்பு எங்கே, வயதாகிவிட்டதா, சோம்பலா என்று. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆபரேஷன் என்று ஒரு வரி எழுதினால் வாயடைத்துப் போவார்களே! அவளோ, "சகதாபம் வேண்டாம்மா. பாவம்னு யாரும் கேக்க வேண்டாம். பாட்டு பிடிச்சா கேக்கட்டும். பிடிக்கலைன்னா போட்டும்" என்று சொல்லி, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மூன்றாவது ஆல்பத்தை முதன்முதலாக மேடையில் வாசித்தார்கள். எனக்குப் பின்வரிசையில் நாலைந்து கல்லூரிப் பையன்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், "பழைய பாட்டு பாடு சேச்சீ!" என்று கூச்சல். ஒருவன், "தொண்டை போச்சுடா" என்று சிரித்தான். என் நாக்கு நுனியில் ஆபரேஷன், டாக்டர், தையல் எல்லாம் வந்து நின்றன. சத்தியத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியில் அந்தப் பாட்டை எடுத்தார்கள். அலறல் பாட்டு! சுருதி தாழ்ந்து, நடை பாதியாகி, வேறு உடம்போடு வந்தது. முடிவு நெருங்கியது. அரங்கமே எழுந்து நின்று காத்திருந்தது. டிரம்ஸ் நின்றது, கிட்டார் நின்றது. அவள் கண்ணை மூடி, அலற வேண்டிய அதே இடத்தில் கீழ் ஷட்ஜத்தை, அடியில் இருக்கும் அந்த 'ஸ'வை, பிடித்தாள். ஒரே ஸ்வரம். அசையாமல், நடுங்காமல், நீண்டுகொண்டே போனது. காதிலிருந்த பஞ்சை எப்போது எடுத்து எறிந்தேன் என்று எனக்கே தெரியாது.

அவள் நிறுத்தினாள். பின்னாலிருந்து அதே பையன் மெல்லச் சொன்னான்: "இது பழசைவிடக் கொள்ளாமெடா." எங்கள் ஊரில் கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று; அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அதன் பிறகுதான் கைதட்டல் இடிபோல் எழுந்தது.

நான் திரும்பினேன். எல்லாவற்றையும் கொட்டிவிடத்தான் திரும்பினேன். அவன் முகத்தைப் பார்த்ததும் எதுவும் தேவைப்படவில்லை.

"அது என் நாட்டுப்பொண்ணாக்கும்" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கைகூப்பினான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில், "யார்கிட்டயாவது சொல்லிட்டேளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இப்போது இதை எழுதக்கூட அவளிடம் கேட்டேன். "பாட்டுதான் ஜெயிச்சாச்சே, இனி எழுதுங்கோ. பேர் மட்டும் வேண்டாம்" என்றாள்.

போன குரலுக்காக நான் சமையலறையில் அழுதுகொண்டிருந்தபோது, அவள் இருக்கிற குரலுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டாள். இன்றைக்கும் எனக்கு ஏதாவது கைவிட்டுப் போனால் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கீழ் ஷட்ஜம்தான்.