கெட்ஜம்மாவின் கேட் வீடு

இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் தார்ன்மியர் ஊருக்குள் நுழையும் இடத்தில், தண்டவாளத்தை ஒட்டினாற்போல் ஒரு செங்கல் வீடு. வின்னி கெட்ஜ் புதுப்பெண்ணாக வந்து இறங்கியது அந்த வீட்டில்தான். கணவர் ஆல்பர்ட்டுக்குத் தண்டவாளம் பராமரிக்கும் வேலை. ரயில்வே கேட்டைத் திறந்து மூடுவது மனைவியின் பாடு. மணி அடித்துவிட்டால் கையில் மாவு ஒட்டியிருந்தாலும் ஓடியாக வேண்டும். குளிருக்குப் பயந்து கேட்டைத் திறக்காமல் இருந்துவிட முடியுமா? அப்படியே அந்த அம்மாளின் இளமை கழிந்தது.

பிறகு ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆல்பர்ட்டும் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகுட்டி இல்லை. வீடு உள்ளூர் நிர்வாகத்தின் கைக்குப் போக, கெட்ஜம்மா அதிலேயே வாடகைக்கு இருந்துகொண்டார். வராத ரயிலுக்காக வருஷா வருஷம் கேட்டுக்கு வெள்ளை பூசினார். ஊரில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அது பழகிவிட்டது.

ரயில் போன பத்துப் பதினைந்து வருஷத்தில் பழைய ரயில் பாதுகாப்புச் சங்கம் வந்தது. தலைவர் ரேமண்ட் பெல்ச்சர், லண்டனில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர், அதைச் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை தோறும் ஆட்களோடு வந்து முள்ளை வெட்டினார், மறுபடி தண்டவாளம் பதித்தார். கெட்ஜம்மா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். விளக்கு எங்கே தொங்கியது, மணி எந்தச் சுவரில் இருந்தது என்று கேட்கக் கேட்கச் சொன்னார். வீட்டை அப்படியே அன்றிருந்தபடி ஜனங்களுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை ரேமண்டுக்கு அந்த டீயைக் குடித்துக்கொண்டே வளர்ந்தது.

நிர்வாகம் வீட்டை விற்கச் சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை: குடியிருப்பவர் தன் வாயால் சரி என்று சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பார்கள். எதைக் கேட்டாலும் முதலில் சரி என்பார்கள். இரண்டாம் முறை கேட்டால்தான் மனசில் உள்ளது வெளியே வரும். ஊர்க்காரன் எவனும் ஒரு முறையோடு நிறுத்த மாட்டான்.

ஊர் மண்டபத்தில் கூட்டம். ரேமண்ட் எழுந்து நின்று, "கெட்ஜம்மா, டவுன்ல உங்களுக்கு நல்ல மாடி வீடு ஒண்ணு ஒதுக்கித் தராங்க. உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?" என்றார்.

"என்னப்பத்தி என்ன இருக்கு. உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யுங்க."

சொல்லிவிட்டு அவர் மடியில் கையைக் கோத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார். ஊரே காத்திருந்தது. ரேமண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்?" என்று கைதட்டினார். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் தட்டினார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். தன் விஷயத்துக்காகத் தானே கூட்டத்தில் எழுந்து பேசுவது அங்கே மானக்கேடு. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது அதைவிட மோசம்.

பக்கத்து வீட்டு ஹில்டா பன் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். "ஏ வின்னி, வாயில என்ன கொழுக்கட்டையா? போக மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவரு திரும்பக் கேக்கவே இல்லையே, ஹில்டா."

"லண்டன்காரன் கேப்பானா? அவன் பஸ்ஸுல கூட ஒரு தடவைதான் டிக்கெட் கேப்பான்."

"நீயாவது எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாம்."

"நானா? நல்லா இருக்கே. உன் வீட்டு விஷயத்துல நான் எப்படி?"

மறுநாள் கெட்ஜம்மா தொப்பி வைத்துக்கொண்டு ரேமண்ட் வீட்டுக்குப் போனார். இன்று சொல்லிவிடுவது என்றுதான் போனார். ரேமண்ட் வீட்டின் வரைபடத்தை மேஜை முழுக்க விரித்து, குழந்தை மாதிரி காட்டினார்.

"இந்த அடுப்படிக்கு உங்க பேரையே வைக்கலாம்னு இருக்கேன். சரி, நீங்க என்னவோ சொல்ல வந்தீங்களே?"

"நேத்து ராத்திரி யோசிச்சுப் பாத்தேன்..."

"மனசு மாறிடலையே?" அந்த முகம் சட்டென்று வெளுத்தது.

அதைப் பார்த்த பிறகு என்ன சொல்ல? "சேச்சே. சுவர்ல முன்னாடி பச்சைக் காகிதம் ஒட்டியிருந்தோம், அதைச் சொல்லத்தான் வந்தேன்."

வீடு மாறும் நாளில் சங்கத்து வேனே வந்தது. ரேமண்டும் இன்னொருவரும் பொருட்களைப் பூப்போலத் தூக்கினார்கள். அலமாரியிடம் வந்ததும் ரேமண்ட் தயங்கினார். "இது அந்தக் காலத்துச் சாமான். இங்கேயே இருந்தா எடுப்பா இருக்கும். பரவாயில்லையா?" பரவாயில்லை என்றார். நாற்காலிக்கும் அப்படியே. கண்ணாடிக்கும், பீங்கான் கோப்பைகளுக்கும், வெந்நீர்க் கெட்டிலுக்கும் அப்படியே. வேனில் கட்டிலும் துணிமூட்டையும்தான் ஏறின.

டவுன் வீட்டின் ஜன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டிடத்தின் சுவர். கட்டிலைப் போட்டுவிட்டு இருவரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். வேலை செய்தவர்களுக்கு வீட்டுக்காரி டீ தர வேண்டும். அது இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. கெட்ஜம்மா புதுச் சமையல் மேடையைப் பார்த்தார். வெறும் மேடை. அவர் கழுத்து சிவந்தது.

"வேற ஏதாவது வேணுமா, கெட்ஜம்மா?"

"ஒண்ணும் வேண்டாம். மழை வர மாதிரி இருக்கு, நீங்க கிளம்புங்க."

அவர்கள் கிளம்பினார்கள்.