பொங்கல் லீவில் வளர்ந்த கிருமி

மூணு வருஷத்துக்கு முந்தி, பொங்கல் லீவு முடிஞ்ச கையோட, பாளையங்கோட்டையில ஒரு லேப்ல நடந்தது இது. நான் சீவலப்பேரி போற டவுன் பஸ் டிரைவர்.

இடது காதுல ரொம்ப நாளா சீழ். மருந்து விட்டா நிக்கும், விடுததை நிறுத்தினா திரும்ப வடியும். எப்பவும் காதுல பஞ்சை அடைச்சிட்டுத் திரிவேன், "பஞ்சு அண்ணாச்சி"ன்னு கண்டக்டர் பய பேரே வச்சிட்டான். நானும் சிரிச்சிட்டுத்தான் இருந்தேன். ஒருநாள் ஸ்டாப்புல ஒரு அம்மா இறங்கும்போதே வண்டியை எடுத்துட்டேன். நிறுத்தச் சொல்லி கண்டக்டர் ஊதுன விசில் எனக்குக் கேக்கவே இல்ல. அந்தம்மா கம்பியைப் பிடிச்சுத் தொங்குதா! பஸ்ஸே கூச்சல் போட்ட பிறகுதான் பிரேக்கை மிதிச்சேன். நல்லவேளை, அவளுக்கு ஒண்ணும் ஆகல.

"காது சரியாகாம ஸ்டியரிங்கைத் தொடாதீரும் வே"ன்னு முதலாளி சொல்லிட்டாரு. நியாயம்தானே? ஆனா வண்டி ஓட்டுததைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்?

காது டாக்டர் சீழை எடுத்து லேப்புக்கு அனுப்புவாரு. ஒவ்வொரு தடவையும் 'கிருமி வளரவில்லை'ன்னே ரிசல்ட் வரும். அப்ப வடியுதது என்ன, பன்னீரா? எரிச்சலா வரும் எனக்கு.

பொங்கலுக்கு முந்தியும் அப்படித்தான் குடுத்துட்டு வந்தேன். லீவு முடிஞ்சதும் லேப் டாக்டரம்மாவே போன் பண்ணுனாங்க. "வாங்க அண்ணாச்சி, ஒரு ஆளைக் காட்டுதேன்."

போனா, கிருமி வளர என் சீழைத் தடவி வச்சிருந்த ஒரு வட்டத் தட்டை வெளிச்சத்துல சாய்ச்சுக் காட்டுனாங்க. கசகசாவை விடச் சின்னச் சின்னப் புள்ளிகள். வழக்கமா ரெண்டு நாள் பாத்துட்டு வீசிருவாங்களாம். இந்தக் கிருமிக்கு அவசரமே கிடையாது, பைய பையத்தான் வளரும். லீவுல யாரும் எடுத்துப் போடாததால தலையைக் காட்டியிருக்கு. இந்த மாதிரிக் கிருமிகளை இப்பத்தான் டாக்டர்மாரே கவனிக்க ஆரம்பிச்சிருக்காங்களாம்.

மைக்ராஸ்கோப்ல பாக்கச் சொன்னாங்க. அடேயப்பா! ஊதா நிறத்துல குட்டிக் குட்டி உருண்டைகள், கூட்டங்கூட்டமா. என் காதுக்குள்ள இத்தனை காலம் குடியிருந்த உசுருங்க! கோவம் வரணும், வரல. வாயைப் பிளந்துட்டு நின்னேன்.

"இதுதான் காரணம்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன்"னு திரும்பவும் சீழ் எடுத்து, இந்தத் தடவை கூடக் கொஞ்ச நாள் வச்சுப் பாத்தாங்க. அதே ஆள்தான். அதுக்குத் தோதான மருந்தைக் காது டாக்டர் குடுத்தாரு. பைய காது காய்ஞ்சுது, காது கேக்குத பரிசோதனையில பாஸாகி வண்டியும் எடுத்துட்டேன்.

இப்பவும் யாராவது "ஒண்ணுமே இல்ல"ன்னு அடிச்சுச் சொன்னா, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாத்தாங்களான்னுதான் என் மனசு கேக்குது.