பதினான்கு நாள் நோட்டீஸும் ஒரு இரும்பு கேட்டும்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு தலைவரைப் பதவிநீக்கம் செய்தோம். சிரிக்காதீர்கள்... முறைப்படிதான் செய்தோம்!

குற்றாலத்தில் சீசன் வந்தால் டூரிஸ்ட் வேன்கள் எங்கள் தென்காசித் தெருவில்தான் வந்து நிற்கும். நலச்சங்கத் தலைவர் சங்கரன் அண்ணாச்சி — ரிட்டயர்ட் அதிகாரி — தெருமுனையில் இரும்பு கேட் போட்டார். சரி. பூட்டினார். அதுவும் சரி. இருப்பது ஒரே சாவி. அதை இடுப்பில் செருகிக்கொண்டு தினமும் காலையில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விடுவார்.

ஸ்டெல்லா டீச்சரின் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆட்டோ கேட்டுக்கு வெளியே நிற்கும். வீங்கிய காலோடு அந்த மனிதர் சாரலில் நனைந்துகொண்டே தெரு முழுக்க நடப்பார். இன்னொரு சாவி கேட்டார் டீச்சர்.

"ஆளாளுக்குச் சாவி கேக்குதிய... அப்புறம் கேட் எதுக்கு டீச்சர்?" என்றார் அண்ணாச்சி.

பூட்டை உடைக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? எங்கள் தெருவில் படித்தவர்கள் அதிகம். தீர்மானம் போடுவோம், சுத்தியல் எடுக்க மாட்டோம்.

சங்க விதிகளை எழுதியதும் அண்ணாச்சிதான். எல்லாம் அரசியலமைப்பைப் பார்த்து எழுதியது. குடியரசுத் தலைவரை நீக்க, அவர் அரசியலமைப்பை மீறினார் என்று குற்றம்சாட்ட வேண்டும். ஓர் அவையில் நாலில் ஒரு பங்கு உறுப்பினர்களின் கையெழுத்து, பதினான்கு நாள் நோட்டீஸ், மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. பிறகு இன்னோர் அவை விசாரித்து, அதே அளவு ஆதரவோடு உறுதி செய்ய வேண்டும். இதுவரை ஒருவரைக்கூட அப்படி நீக்கியதில்லை. எங்களுக்கு இன்னோர் அவை கிடையாது என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டார்.

கையெழுத்து வாங்கினோம். பதினான்கு நாள் காத்திருந்தோம். அதற்குள் அந்த மனிதர் ஆறு முறை நடந்தார். ஓட்டுப் போட்டு நீக்கினோம். கைதட்டல், வடை, காபி!

அடுத்து யார்? டெல்லியைப் போலவே இங்கேயும் துணைத் தலைவர் பொறுப்பேற்பார். ஆறு மாதத்துக்குள் தேர்தல். எங்கள் துணைத் தலைவர் யார் தெரியுமா? கோமதி அக்கா. அண்ணாச்சியின் மனைவி! சங்கத்தைப் பதிவு செய்த அன்று ஒரு பெயர் குறைந்தது. "சும்மா பேருக்குத்தானே" என்று அக்காவை முன்மொழிந்த மேதை... நான்தான்.

மறுநாள் புதுத் தலைவரிடம் சாவி கேட்டோம்.

"அவுககிட்டதான் குடுத்து வச்சிருக்கேன். ஐந்தருவிக்குப் போயிருக்காவ."

"எலெக்‌ஷன் எப்போக்கா?"

"அதுக்கு ஆறு மாசம் இருக்குல்லா?"

அதற்குள் சீசனே முடிந்துவிடும்.

திங்கட்கிழமை காலை. ஸ்டெல்லா டீச்சர் வீட்டிலிருந்து அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றே போடு. பூட்டு விழுந்தது. ஆட்டோ வீட்டு வாசலுக்கே வந்தது.

கோமதி அக்கா பதறி ஓடிவந்தார். "எந்த ரூல்படி டீச்சர் பூட்ட உடைச்சிய?"

"ரூல நீங்க படிங்கக்கா. நான் இவுகள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை அப்போது என்ன செய்தது? மாடியில் நின்று வேடிக்கை பார்த்தது — என்னையும் சேர்த்துத்தான்.