இரண்டாவதுதான் என்று சொன்னேன்

என் கணவரின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பெட்டியில் எங்கள் மகளுக்கு உடுப்புகளும், தம்பியான இவருக்கென்று பாட்டுக் கேட்கும் சிறிய கருவியொன்றும், வயர் வைத்த பெரிய ஹெட்போனும் இருந்தன. சாதாரணப் பதிவில் விட்டுப்போகும் நுணுக்கமெல்லாம் உயர்தரப் பதிவில் இருக்குமாம். அந்தப் பதிவுகளை அப்படியே கேட்கத்தான் இந்தக் கருவியாம். அன்று ஞாயிற்றுக்கிழமை. கணவர் என்னைக் கதிரையில் உட்கார வைத்து ஹெட்போனைத் தன் கையாலேயே மாட்டிவிட்டார். ஒரே புல்லாங்குழல் இசை, இரண்டு பதிவு.

"இது சாதாரணம். கேட்டியா? இப்ப இது. எது நல்லாருக்கு?"

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிலிமத்தலாவையில் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவருக்குக் கிடைத்த ஒரே விளையாட்டுப் பொருள் அது.

"ரெண்டாவதுதான்" என்றேன்.

"பாத்தியா! ஊதுற காத்துகூடத் தனியாக் கேக்குதுல்ல?"

"ஆமாங்க. கேக்குது."

கேட்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் இதை அத்தோடு மறந்திருப்பேன். அதற்கு முந்தைய புதன்கிழமை நடந்தது ஒன்று இருந்ததால் மறக்க முடியவில்லை.

அந்தப் புதன்கிழமை பிற்பகல் மழை தகரக் கூரையில் கொட்டியது. எட்டு மாத மகள் படுக்கையறைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருப்பது ஒரு வீட்டின் மேல்மாடி. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா, என்னைத் தங்கை என்ற பொருளில் நங்கி என்றே கூப்பிடும் சிங்களவர், தலையெல்லாம் நனைய மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"நங்கி! பபா அழுறது. மிச்சம் நேரம் அழுறது. கேக்கறது இல்லையா?"

எனக்கு முன்னால் அவரே உள்ளே ஓடிப் பிள்ளையைத் தூக்கினார். மகளின் முகம் சிவந்து, அழுகை விக்கலாக மாறியிருந்தது. கீழ் வீட்டுக்குக் கேட்ட அழுகை பெற்றவளுக்குக் கேட்கவில்லை.

என் அப்பா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வேலை செய்து காதைக் கொடுத்தவர். எங்கள் வீட்டில் உப்புக் கேட்பதென்றாலும் சண்டை போடுவது போல்தான் கேட்போம். இயந்திரச் சத்தத்தால் போன காது பிள்ளைக்கு இறங்காது என்று எனக்குத் தெரியும். உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்தவள் நான். தெரிந்தும் என்ன? அடுத்தடுத்த நாட்களில் கணவர் மெதுவாகப் பேசினால் வேண்டுமென்றே மறுபக்கம் திரும்பி நின்று, கேட்கிறதா என்று பார்த்தேன். குழாயை மூடிவிட்டுச் சொட்டுகளை எண்ணினேன். இந்த நிலையில்தான் அந்தப் புல்லாங்குழல் வந்தது. அவருக்குக் கேட்கும் காற்று எனக்குக் கேட்கவில்லை என்றால், மகளின் சத்தங்களில் இன்னும் எவையெவை எனக்குக் கேட்காமல் போகின்றன?

கணவரிடம் பல் வைத்தியரிடம் போவதாகச் சொல்லிவிட்டு, கண்டியில் காது பரிசோதிக்கும் இடமொன்றுக்குப் போனேன். வீட்டுக்கார அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். ஏன் கணவரிடம் மறைத்தேன் என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. முடிவு கெட்டதாக இருந்தால், அதை முதலில் நான் தனியாகக் கேட்டுப் பழகிக்கொள்ள நினைத்திருக்கலாம். அக்கா ஒன்றும் கேட்காமல் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

பரிசோதித்த பெண் என்னைவிட இளையவள், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தடித்த சுவர்கள் கொண்ட ஒரு சின்ன அறையில் என்னை இருத்தி, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அமத்த வேண்டும், அவ்வளவுதான். முதலில் தெளிவாகக் கேட்டது. போகப் போகச் சத்தம் மெலிந்தது. கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா என்று தெரியாத இடம் வந்தது.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும்போது எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது என்பது. விடை தெரியாவிட்டாலும் ஏதாவதொரு விடைக்குப் புள்ளடி போடு. அந்தப் புத்தி என் விரலில் இருந்திருக்க வேண்டும். சத்தம் ஏறக்குறைய எத்தனை விநாடிக்கு ஒருமுறை வருகிறது என்று மனதுக்குள் கணக்குப் பிடித்து, அந்த நேரம் வந்ததும் அமத்தத் தொடங்கினேன். நன்றாகச் செய்கிறேன் என்றே நினைத்தேன்.

அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, கடைசியா அஞ்சு தரம் நான் சத்தமே குடுக்கேல்ல. நீங்கள் அஞ்சு தரமும் அமத்திப்போட்டீங்கள்."

என் காது சூடாகிவிட்டது. பரீட்சையில் பார்த்து எழுதிப் பிடிபட்டவள் போல் இருந்தது.

"பயப்பிடாதேங்கோ. கனபேர் செய்யிறதுதான். கேட்டா மட்டும் அமத்துங்கோ. கேக்காட்டிச் சும்மா இருங்கோ, அதுவும் எனக்குப் பதில்தான்."

மறுபடி செய்தோம். இம்முறை கேட்காத இடங்களில் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சும்மா இருப்பது அவ்வளவு கடினம் என்று எனக்கு அதுவரை தெரியாது. முடிந்ததும் அவள் தாளைக் காட்டினாள். "ரெண்டு காதும் வடிவா வேலை செய்யுது. பிள்ளை பிறந்தபிறகு நித்திரை கொள்ளுறீங்களோ?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் பார்க்காதது போல் வயர்களைச் சுற்றி வைத்தாள். அதற்காகவும் அவளுக்கு நன்றி. பிறகு தைரியம் வந்து புல்லாங்குழல் கதையைச் சொன்னேன்.

சிரித்தாள். "அதில கூடுதலா இருக்கிற சத்தத்தில கனக்க மனுசருக்குக் கேக்கிற அளவுக்கு மேல அக்கா. நாய்க்குக் கேக்கும். பழகின ஆக்கள் சிலபேர் வித்தியாசம் தெரியுது எண்டு சொல்லுவினம். நான் பிழையெண்டு சொல்லமாட்டன். ஆனா எது ஓடுதெண்டு தெரியாமல் கேட்டுப் பாக்கவேணும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது பாலத்தில் வாகனங்கள் நெருக்கி நின்றன. ஹோர்ன் சத்தம் ஒவ்வொன்றும் எனக்கு அன்று இனிமையாக இருந்தது.

மாலையில் அவர் வந்ததும் தேநீர் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பல் வைத்தியர் பொய், புல்லாங்குழல் பொய், புதன்கிழமை அழுகை. அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "காது எப்படியாம்?" என்பதைத்தான் முதலில் கேட்டார். நல்லபடி என்றதும் தேநீரை முழுக்கக் குடித்தார். அதன் பிறகுதான்,

"அப்ப அந்த ரெண்டாவது?"

"சும்மா சொன்னேங்க."

"எனக்கு வந்து வாய்ச்சது பாரு. வாத்தியார் கேக்குறதுக்கு முந்தியே கையத் தூக்குற கேஸ்."

அடுத்த ஞாயிறு அவரைச் சோதித்தோம். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்தின்படி பதிவை மாற்றினேன். பத்தில் ஒன்பது சரியாகச் சொன்னார். அப்படியென்றால் எனக்குத்தான் கேட்கவில்லை. ஆனால் அவரே ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இரு, இரு. ஒண்ணு கொஞ்சம் சத்தமா இருக்கு. அத வச்சுத்தான் சொல்றேன்" என்றார். அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்காது. இரண்டு பதிவையும் இணையத்தில் இரண்டு இடத்திலிருந்து எடுத்திருந்தார். கணினியில் உயர்தரப் பதிவிலிருந்தே சாதாரணப் பதிவொன்றைத் தயாரித்து, இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவாக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். பத்தில் ஐந்து. இன்னொரு முறை, பத்தில் நான்கு.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "அண்ணனுக்கு என்னத்தச் சொல்ல? அடுத்த பெட்டியில ஒரு நாயும் அனுப்பச் சொல்லவா?" என்றார். நான் சிரித்துத் தீரவில்லை. அந்த ஹெட்போனில் எந்தப் பதிவைக் கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்பதும் உண்மை. அதையே அண்ணனுக்கு எழுதினார்.

"சரி, காது நல்லாருக்குன்னா அன்னைக்கு ஏன் கேக்கல?" என்று எழுந்தார். "அதையும் பாத்துருவோம்."

என்னைச் சமையலறையில் நிறுத்தி, குக்கரை ஏற்றி, குழாயையும் திறந்துவிடச் சொன்னார். மகளை என் அருகில் பாயில் இருத்திவிட்டு, படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார்.

"கேட்டுச்சா?"

"என்ன?"

"இவ்வளவு நேரமும் தொண்ட கிழிய அழுதேன்டி."

கதவைத் திறந்து வைத்து மறுபடி அழுதும் அரைகுறையாகத்தான் கேட்டது. படுக்கையறை ஜன்னல் அக்காவின் முற்றத்துப் பக்கம் இருந்ததால் கீழே மட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது. அப்போதே தொட்டிலை அவிழ்த்துக் கொண்டுவந்து, சமையலறையை ஒட்டிய முன்னறைக் கொக்கியில் கட்டினார். தொட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக்கொண்டு, "பத்துத் தடவ. கேட்டா மட்டும் சொல்லு! நான் சும்மாவும் இருப்பேன்!" என்று கத்தினார். நான் முதுகைக் காட்டித் தேங்காய் திருவினேன். குக்கர் கூவியது. இடையில் நீண்ட நேரம் ஒன்றுமே வரவில்லை. "கேக்குது" என்று சொல்லிவிட வாய் துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். பத்தாவது தடவை அவர் நிஜமாகவே ஊளையிட்டார்.

"கேக்குது!"

படியில் தடதடவென்று காலடி. வீட்டுக்கார அக்கா கையில் அகப்பையோடு வாசலில் நின்றார். "நங்கி! மாத்தயாவுக்கு என்ன? மிச்சம் நேரம் அழுறது!"

தரையில் கிடந்த மாத்தயா, அதாவது எங்கள் வீட்டு ஐயா, எழும்பவும் முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். பாயிலிருந்த மகள், எல்லாரையும் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள். "நீ சமை நங்கி. கீழ இருந்து நானும் கேக்கறது" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனார். அன்று அந்த வீட்டில் என் பிள்ளைக்காக எத்தனை காதுகள் இருந்தன என்று நினைத்தபோது, இத்தனை நாள் இந்தப் பயத்தை ஏன் தனியாகச் சுமந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "பத்துக்குப் பத்து" என்றார்.

ஏழாவது தடவை எனக்குச் சற்றுச் சந்தேகமாகத்தான் இருந்தது. நிழல் அசைந்ததைப் பார்த்துச் சொன்னேனோ என்னவோ. அதை அவரிடம் சொன்னேன்.

"சரி, ஒன்பது" என்று திருத்திக்கொண்டார்.