மைக் போடாத இருவர்

என் மனைவி நல்லவள். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் போதும், அவளே முடித்துவிடுவாள். பாதி நாள் தப்பாக முடிப்பாள். தோசை என்று சொல்ல வாயெடுத்து 'தோ' என்று நிற்பதற்குள் தோளில் வலியா என்று தைலத்தைக் கொண்டுவந்து தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். பிரியத்தில் செய்வதுதான். அதனால் கோபப்படவும் முடியாது, தோசையும் கிடைக்காது.

எனக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். அதற்கேற்ற வேலையும் அமைந்தது. திருத்தணியில் பத்திரம் எழுதுகிற ஒருவரின் கடையில் கணினியில் டைப் அடிக்கிறேன். கிரையம், தானம், விடுதலை என்று நாள் முழுக்க அடித்துத் தள்ளுவேன். வருகிறவர்கள் முதலாளியிடம் பேசிக்கொள்வார்கள். எனக்கு விரல் பேசினால் போதும்.

போனில் அந்த விளையாட்டை இறக்கியது சும்மா பொழுதுபோக்கத்தான். வாளும் மந்திரமும் கோட்டையுமாக, எங்கெங்கோ இருக்கிற ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்தில் சுற்றுகிற விளையாட்டு அது. ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ளலாம். நான் ஈட்டிக்காரன். சில மாதங்களில் தமிழ்க்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரு குழுவில் இடம் கிடைத்தது. ஞாயிறு மாலை கோட்டைச் சண்டை. எல்லோரும் பேசிக்கொள்வது எழுத்தில்தான், தமிழை ஆங்கில எழுத்தில் போட்டு. அங்கேதான் என் பிழைப்பு கைகொடுத்தது. மற்றவர்கள் ஒரு வரி அடிப்பதற்குள் நான் மூன்று வரி அடித்துவிடுவேன். இடது வாசலுக்குப் போ, பின்னால் வா, வைத்தியரைக் காப்பாற்று என்று என் உத்தரவு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வருடத்தில் என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். எங்கள் தெருவில் என்னிடம் யாரும் வழி கேட்டதுகூடக் கிடையாது. அங்கே முப்பது பேர் என் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். எனக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டில் குறை இல்லாமல் இல்லை. காட்டுப்பன்றியைக் கொன்று தோலைக் கொண்டு வா என்பார்கள். கொண்டு போனால் இன்னும் பத்துத் தோல் கேட்பார்கள். மனிதன் செய்கிற வேலையா அது? ஒரு நாள் வராவிட்டால் அன்றைய பரிசு போச்சு என்று மிரட்டுவார்கள். காசைக் கொட்டிக் கவசம் வாங்கினவன்மேல் நம் ஈட்டி முனைகூடப் படாது. போன் தோசைக்கல்லாகக் காயும். மனைவி ஏதாவது சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், என் முகம் கோட்டையில் இருக்கும். அதில் அவள் பக்கம் நியாயம் உண்டு.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது ஒன்று வந்தது. ஒரு புதுப்பிப்பில் மைக் பொத்தான் வைத்தார்கள். இனி எழுத வேண்டாம், சண்டை போட்டுக்கொண்டே பேசலாம். குழுவே குதித்தது. தலைவரே, மைக்ல வாங்க என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். மைக் ரிப்பேர் என்று எழுதினேன். அடுத்த வாரமும் ரிப்பேர் என்றேன். மூன்றாவது வாரம் சென்னைக்காரர் ஒருவர் வெண்கலக் குரலில் உத்தரவு போட ஆரம்பித்தார். யாரும் என்னை விரட்டவில்லை. நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். அங்கேயும் வாய் இல்லாதவனாகிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் குழுவின் வைத்தியர் எனக்குத் தனியாக எழுதினார். அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுகிற வேடம் அவருடையது. பொதட்டூர்பேட்டையில் வீட்டில் விசைத்தறி ஓட்டுகிற அம்மா. வயதில் மூத்தவர், எனக்கு அக்கா. என்னைத் தெலுங்கு வாடையோடு நைனா என்பார். வீட்டில் தறிச் சத்தம், ஒன்றும் கேட்கவில்லை, அவர்கள் பேசுவதை நீ எழுதிக் காட்டுவாயா என்று கேட்டிருந்தார். எழுதினேன். சென்னைக்காரர் போடுகிற உத்தரவை எல்லாம் காதில் வாங்கி, சுடச்சுட அடித்து அக்காவுக்கு அனுப்புவேன். முப்பது பேருக்குத் தலைவனாக இருந்தவன் ஒரே ஒருவருக்கு எழுத்தரானேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்காக மறுபடி ஏங்க ஆரம்பித்தேன். சண்டை முடிந்த பிறகும் எழுதிக்கொண்டிருப்போம். தறி, பாவு நூல், மகளின் படிப்பு, என் முதலாளியின் முன்கோபம் எல்லாம் வரும். என் வாழ்க்கையில் நான் அதிகம் பேசிய ஆள் அவர்தான்.

போன ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், வேண்டுதல் இருக்கிறது, மகளோடு திருத்தணிக்கு வருகிறேன், பார்க்கலாமா என்று எழுதினார். எனக்குப் பகீரென்றது. திக்குவாய் என்று அவருக்குத் தெரியாது. கேலியைக்கூடத் தாங்கிவிடுவேன். என் முதல் சொல்லைக் கேட்டதும் ஆட்களின் முகம் கனிந்து இறங்குமே, அதைத்தான் தாங்க முடியாது. அதன் பிறகு அக்கா எனக்கு எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் அந்த முகம் தெரியும். இருந்த ஒரே ஆளும் போய்விடும் என்று பயந்தேன். போகாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. சரவணப் பொய்கைப் படியில் காலை எட்டு மணிக்கு என்று முடிவானது. அடையாளத்துக்கு அவர் மஞ்சள் புடவை, தலையில் கனகாம்பரம். நான் மஞ்சள் சட்டை.

ஊரில் பிறந்து வளர்ந்தவன் செய்கிற காரியமா இது? ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் மஞ்சள் உடுத்தாதவரைத்தான் தேட வேண்டும். பொய்கையைச் சுற்றி ஒரே மஞ்சள். சட்டை மஞ்சள், புடவை மஞ்சள், காவடித் துணி மஞ்சள். அக்காவும் வருடம் தவறாமல் வருகிறவர்தான், அவருக்கும் தோன்றவில்லை. போனை எடுத்தால் கூட்டத்தில் சிக்னல் செத்துக் கிடந்தது. அனுப்பிய செய்தி வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

கனகாம்பரம் வைத்த மஞ்சள் புடவை ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தேன். ஒரு அம்மா என்னை முறைத்துவிட்டுப் போனார். அக்கா என்று எப்படியோ திக்கித் திணறிக் கூப்பிட்டேன், பத்துப் பேர் திரும்பினார்கள். விளையாட்டில் அவர் வைத்திருக்கும் பெயரைத்தான் கத்த வேண்டும். வேறு பெயர் எனக்குத் தெரியாது. அந்தப் பெயரோ வாயில் முதல் எழுத்தைத் தாண்டவில்லை. முயன்று முயன்று கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம், உடம்பு சரியில்லை என்று எழுதிவிடலாம் என்று திரும்பிவிட்டேன்.

அப்போது புஷ்பக் காவடிக் கூட்டம் ஒன்று அரோகரா போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு படியில் இறங்கியது. கூட்டத்தோடு சேர்ந்து அரோகரா போடும்போது எனக்குத் திக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஏன் என்று முருகனுக்குத்தான் தெரியும். நானும் போட்டேன். நாலைந்து தரம் போட்ட வேகத்தில், அதே மூச்சில், அந்தப் பெயரையும் சேர்த்துக் கத்திவிட்டேன்.

படியோரம் ஒரு பெண் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் இருந்த அம்மாவின் தோளைத் தட்டினாள். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். கனகாம்பரம் முடியோடு போயிருந்தது. நான் அவரை இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன்.

அருகே போய் நின்றேன். "நா... நா... நா..." அதற்கு மேல் வரவில்லை. அந்த முகம் இதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

அவர் முகம் கனியவில்லை. வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கிட்டே வந்தார்.

"இன்னொரு தபா சொல்லு நைனா. தறியண்ட குந்திக் குந்திக் காது பூட்ச்சி. எதையும் ரெண்டு மூணு தபா சொன்னாத்தான் எனக்கு ஏறும்."

நான் நின்ற இடத்தில் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. இருபது முப்பது வருடமாக ஊரே என்னிடம் ஒரே தடவையில் ஒழுங்காகச் சொல் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மறுபடி நா நா என்று ஆரம்பித்து, நான்தான் அக்கா, ஈட்டிக்காரன் என்று முடித்தேன். அக்கா கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார்.

"ஓ, இதான் உன் மைக் ரிப்பேரா?"

"ஆ... ஆங்க்கா."

"எனக்கு ஸ்பீக்கரே ரிப்பேர்" என்று, பொய்கையே கேட்கிற குரலில் சொன்னார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெயில் ஏறும்வரை அந்தப் படியிலேயே உட்கார்ந்து பேசினோம். அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. சொல்லி முடிக்கும்வரை காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். அன்று ஆரம்பித்த வாக்கியங்களை எல்லாம் நானே முடித்தேன்.